ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி

நான் பதிந்த சிப் யான் ஊர் ஆலையில் பாதி வேலையில் நின்றுவிடும். அக்கா பதிந்த சிப் நாள் முழுக்க ஓடும். இரண்டுக்கும் புரோகிராம் ஒன்றுதான். தயாரிப்பதும் ஒரே கம்ப்யூட்டரில்தான். மூன்றாவது முறையும் இப்படியே நடந்தபோது, அக்கா எனக்கு ஏதோ செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே டயர்க் கடை. ரப்பர் ஆலைகளுக்கும் நெல் ஆலைகளுக்கும் மெஷின்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுத்தோம். பெட்டியைக் கட்டுபவர்கள் பின்னறையில் இருப்பார்கள். புரோகிராம் எழுதுவது நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. நான் அக்கா என்று கூப்பிட்ட மூத்தவர் அங்கே நான்கு வருடமாக இருந்தார். அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் வீடு. வாரநாளில் சுங்கைப்பட்டாணியிலேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்க வேண்டும். நான் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். அப்பா தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். போலிடெக்னிக் முடித்து அந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

யானில் இருந்தது ஒரு நெல் ஆலையின் உலர்த்தி. ஈர நெல்லைப் பெரிய தொட்டியில் கொட்டி, கீழே பர்னரை எரியவிட்டு, விசிறியால் சூட்டுக் காற்றை மேலே ஏற்றுவார்கள். நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தொட்டிக்குள் ஒரு சென்சார் அளந்து சொல்லும். எப்போது பர்னரை எரிக்க வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்பதை எங்கள் பெட்டி முடிவு செய்யும். பெட்டிக்குள் இருப்பது உள்ளங்கையளவு ஒரு போர்டு. அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அதில் உட்கார்ந்து புரோகிராம் எழுத முடியாது. அலுவலகத்தில் குளிர்சாதன அறைக்குள் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் எழுதி, அங்கேயே போர்டுக்குப் புரியும் மொழியாக மாற்றி, சிப்பில் பதிந்து கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். ஒரு மெஷினில் உட்கார்ந்து வேறொரு மெஷினுக்குச் சமைப்பது போன்ற வேலை. கிராஸ் கம்பைல் என்று சொல்லுவோம். நாம் எழுதியதை மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அதோடு, கணக்குப் போடவும் எழுத்துகளைக் கையாளவும் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருக்கும் துண்டுகளை எடுத்துச் சேர்ப்பது லிங்கர். அந்தத் துண்டுகளின் மூட்டைக்கு லைப்ரரி என்று பெயர்.

முதல் முறை என் சிப் நின்றபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. பெட்டியின் முகப்பில் ஈர அளவைக் காட்டும் சின்ன டிஸ்ப்ளேயில் ஓர் எண் அப்படியே உறைந்துவிட்டது என்று ஆலையிலிருந்து போன் வந்தது. கம்பெனி வேனில் போய்ப் பார்த்தேன். அணைத்துப் போட்டதும் ஓடியது. மறுநாள் மறுபடியும் நின்றது. அக்கா அதே புரோகிராமை எடுத்து, தன் டெர்மினலில் தயாரித்து, சிப்பில் பதிந்து கொண்டுபோய்ப் போட்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

"நீ என்ன மாத்துன?" என்று திரும்பி வந்ததும் கேட்டார்.

"ஒண்ணும் மாத்தல அக்கா. நீங்க வெச்சிருந்தத அப்படியேதான் எடுத்தேன்."

"ஒண்ணும் மாத்தாமலா நிக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தன் டெர்மினல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கேள்வி என் மனசில் முள்ளாகத் தைத்தது. ஆலையில் கேட்ட ஒரு சின்ன மாற்றத்துக்காக இரண்டாவது சிப் பதிந்தபோது நான் ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்தேன். மேசைமேல் போர்டையும் ஒரு சென்சாரையும் வைத்து இரண்டு நாள் ஓடவிட்டேன். நிற்கவே இல்லை. யானுக்குப் போனதும் நான்காம் நாள் நின்றது. அக்காவின் சிப் போனது, ஓடியது. மேனேஜர் என்னைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கி என் திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

யோசித்துப் பார்த்தேன். என் சிப் எல்லாம் பின்னறை டிராயரில்தான் இருக்கும். பூட்டு கிடையாது. வேனில் ஏற்றும் முன் யார் வேண்டுமானாலும் எடுத்து வேறொன்றை வைக்கலாம். மூன்றாவது சிப்பைப் பதிந்ததும், அதன் காலுக்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். சிப் யானுக்குப் போய், நின்று, திரும்பி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. அது என் சிப்தான். யாரும் மாற்றவில்லை.

அத்துடன் என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறிக்கொண்டது. சிப்பை மாற்றவில்லை என்றால் சிப்புக்குள் போகும் புரோகிராமை மாற்றுகிறார். அக்காவின் பெயரில் இருந்த பிரதியையும் என் பிரதியையும் அச்செடுத்து, கேண்டீனில் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். கமா முதல் ஒன்றாக இருந்தது. என் எதிரில் பின்னறைப் பெண்கள் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே வந்தபோது காகிதத்தைத் தட்டுக்குக் கீழே தள்ளினேன். அவர் பார்த்தும் பார்க்காதது போலப் போய் வேறு மேசையில் உட்கார்ந்தார்.

பெரிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலையும் எப்போது மாற்றினார்கள், கடைசியாக எப்போது திறந்து படித்தார்கள் என்று இரண்டு நேரம் குறித்து வைத்திருக்கும். சாதாரணமாக முதல் நேரத்தைத்தான் பார்ப்போம். படித்த நேரத்தையும் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு புதன்கிழமை தோன்றியது. கேட்டேன். நான் லாகின் செய்யும்போது கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும் ஒரு சின்னத் தொடக்க ஃபைல் இருக்கிறது. அன்று காலை எட்டரைக்கு லாகின் செய்தவள் நான். ஆனால் அந்த ஃபைல் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் மதியம் ஒரு மணி பத்து நிமிடம். அந்த நேரத்தில் நான் கேண்டீனில் இருந்தேன். அறையில் இருந்தவர் அக்கா மட்டும்.

அந்த நேரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். பயத்தோடு ஒரு திருப்தியும் இருந்ததை மறைக்க மாட்டேன். ஃபைல் மாற்றப்படவில்லை, வெறுமனே படிக்கப்பட்டிருந்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒதுக்கிவிட்டு மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன்.

மேனேஜர் பினாங்கிலிருந்து வந்த சீனர். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அக்கா என் ஃபைல்களை மாற்றுகிறார் என்று நான் சொன்னேன். 'படித்தார்' என்று சொல்லவில்லை.

"அவள் வேறு கம்பெனிக்குப் போகப் பார்க்கிறாள் என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது" என்றார் ஆங்கிலத்தில். "நீ இதை யாரிடமும் சொல்லாதே."

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. இரண்டு முறை அடித்தார். மூன்றாவது முறை அடிக்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் கூப்பிட்டார். உள்ளே போனவர் கால்மணி நேரத்தில் வெளியே வந்து, சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு வாரம் லீவாம்" என்றார் என்னிடம். "கேக்காமலே குடுத்துட்டாங்க."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் யானில் அறுவடை மும்முரம். மழையில் நனைந்த நெல் வருகிறது, உலர்த்தும் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று ஆலையிலிருந்து கேட்டார்கள். அப்படியென்றால் புரோகிராமை மாற்றிப் புதிய சிப் போட வேண்டும். இப்போது என் ஃபைலைத் தொட யாரும் இல்லை. நானே மாற்றி, நானே பதிந்து, டிராயரில் வைக்காமல் என் கைப்பையிலேயே வைத்து, யானுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். ஜெராய் மலை உச்சியில் மேகம் கட்டியிருந்தது. வயலில் அறுவடை மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வாரமாக என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் மதியம் போன் வந்தது. சிப் நின்றுவிட்டது. இந்த முறை பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது நின்றிருக்கிறது. அணைக்கச் சொல்ல வேண்டிய பெட்டி உறைந்து கிடக்க, நெருப்பு அதுபாட்டுக்கு எரிந்திருக்கிறது. தொட்டி காலி. அடித்தட்டில் தங்கியிருந்த உமி புகைய ஆரம்பித்து, தீப்பிடித்தது. உலர்த்தியை ஓட்டுகிற மலாய்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நாங்கள் மாமா என்ற பொருளில் பாக் சிக் என்று கூப்பிடுபவர், புகைக்குள் போய் மெயின் சுவிட்சை இழுத்திருக்கிறார். போன இடத்தில் சூடான தகடு முன்னங்கையில் பட்டுவிட்டது.

போய்ப் பார்த்தபோது கையில் கட்டுடன் ஆலை வாசலில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். "தாக் அப்பா லா, நாக்" என்றார். ஒன்றுமில்லை மகளே என்று ஆறுதல் சொன்னாலும், கட்டுப் போட்ட கையை மடியிலிருந்து அசைக்கவில்லை. தொட்டியின் ஒரு பக்கம் கறுத்திருந்தது.

திரும்பும் வழியெல்லாம் வேனில் ஒரே ஒரு நினைப்புதான். அக்கா இல்லை. அக்காவின் பாஸ்வேர்டும் இல்லை. சிப் என் பையிலேயே இருந்தது. அப்படியானால் யார்?

மேனேஜருக்கு அப்போதும் அக்காமேல்தான் சந்தேகம். போகும்முன் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்றார். எனக்கும் ஒரு நிமிடம் அதை நம்ப ஆசையாக இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை காலை, அப்படி எதையாவது வைத்திருந்தால் எங்கே வைத்திருப்பார் என்று தேடத்தான் உட்கார்ந்தேன். சிப்புக்குள் போவதில் நான் பார்க்காத பகுதி எது? நான் எழுதியதை வரி வரியாகப் பார்த்துவிட்டேன். லிங்கர் கொண்டுவந்து சேர்ப்பதை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எதை எங்கிருந்து எடுத்தாய் என்று லிங்கரைக் கேட்டால் நீளமாக ஒரு பட்டியல் கொடுக்கும். மேப் என்று பெயர். கேட்டால்தான் கொடுக்கும். அதுவரை நான் கேட்டதில்லை. கேட்டு அச்செடுத்தேன். அக்காவின் பழைய சிப் ஒன்றின் மேப் அவருடைய ஃபைல் அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் மேசையில் விரித்தேன். என் கண் முதலில் போனது கணக்கு லைப்ரரியின் வரிக்கு. பெயர் இரண்டிலும் ஒன்றே. பெயருக்கு முன்னால் இருந்த இடம் வேறு. அக்காவுடையது போர்டுக்கென்று வாங்கிய லைப்ரரிகள் இருந்த டைரக்டரியிலிருந்து வந்திருந்தது. என்னுடையது பெரிய கம்ப்யூட்டரின் சொந்த லைப்ரரியிலிருந்து வந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் புரிய ஒரு மணி நேரம் ஆனது. லிங்கருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரில் ஒரு ஃபைலைத் தேடி, தன்னிடம் சொல்லியிருக்கும் டைரக்டரிகளில் வரிசையாகப் போகும். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். போர்டின் டைரக்டரியில் முதலில் தேடு என்று அக்காவின் தொடக்க ஃபைலில் ஒரு வரி இருந்தது. என் தொடக்க ஃபைலில் அந்த வரி இல்லை. யாரும் சொல்லாததால் லிங்கர் தான் குடியிருக்கும் வீட்டிலேயே தேடியிருக்கிறது. அங்கேயும் அதே பெயரில் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரிலும் போர்டிலும் ஒரே குடும்பத்துச் சிப் என்பதால் பொருந்தவும் பொருந்தியது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

இரண்டு லைப்ரரியும் சாதாரணக் கணக்குகளை ஒரே மாதிரிதான் போடும். ஈரத்தைக் கணக்கிட நாங்கள் லாகரிதம் எடுப்போம். தொட்டி சுத்தமாகக் காலியாகி, சென்சார் சுழியை, அதாவது பூஜ்யத்தை, காட்டினால் மட்டும் விவகாரம். சுழிக்கு லாகரிதம் கிடையாது. போர்டின் லைப்ரரி அந்த இடத்தில் ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெரிய கம்ப்யூட்டரின் லைப்ரரியோ, தப்பு நடந்துவிட்டது என்று திரையில் எழுதச் சொல்லி கம்ப்யூட்டரைக் கூப்பிடும். போர்டில் கூப்பிட்டால் கேட்க யார் இருக்கிறார்கள்? பதில் வராத இடத்தில் அப்படியே நின்றுவிடும். என் மேசையில் இருந்த சென்சார் எந்நேரமும் ஒரு கைப்பிடி நெல்லுக்குள் புதைந்திருந்தது. அது ஒருபோதும் சுழியைக் காட்டியதில்லை.

என் லாகினைப் பினாங்கிலிருந்து வந்த டெக்னீஷியன் உண்டாக்கிக் கொடுத்தார். கடிதமும் ரிப்போர்ட்டும் மட்டும் அடிக்கும் மேனேஜரின் லாகினைப் பார்த்து அப்படியே ஒரு பிரதி எடுத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் எனக்கு எதுவும் செய்யவில்லை.

ஆனால் ஒரு மணி பத்து நிமிடம்? அக்கா என் தொடக்க ஃபைலைத்தான் திறந்து பார்த்திருக்கிறார். நூறு ஃபைலில் அந்த ஒன்றை.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே அலோர் ஸ்டார் பஸ் ஏறினேன். மெர்கோங்கில் வரிசை வீடுகள் ஒன்றுபோல இருந்தன. கடையில் கேட்டுக் கண்டுபிடித்தேன். அக்கா முன்பக்கம் கார் நிறுத்துமிடத்தில் மடக்கு மேசை போட்டு, சபைப் பிள்ளைகளின் வேதபாடத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கேட்டைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பாக் சிக் கை எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"மேனேஜர் போன் பண்ணாரு. நான் எதாச்சும் செஞ்சி வெச்சிட்டு வந்தேனான்னு கேட்டாரு."

"அக்கா, நீங்க ஒண்ணும் செய்யல. லைப்ரரி தப்பா வந்திருக்கு. என் லாகின்ல அந்த வரி இல்ல."

அக்கா தாள்களை அடுக்கி மேலே ஒரு கல்லை வைத்தார். "எப்ப கண்டுபுடிச்ச?"

எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்துவிட்டேன்.

"வியாழக்கிழமை. உங்களுக்கு எப்ப தெரியும்?"

உள்ளே அவர் அம்மா யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மூணாவது சிப் நின்னப்ப. அப்பதான் சந்தேகம் வந்து உன் ஃபைல தொறந்து பார்த்தேன். பார்க்கத்தான் செஞ்சேன். ஒரு எழுத்துகூட தொடல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ என்கிட்ட கேட்டியா? கேக்கல லா. சிப்புல நெயில் பாலிஷ் வெச்ச. நான் வந்தா காகிதத்த தட்டுக்கு அடியில ஒளிச்சி வெச்ச. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?"

எனக்கு முகம் சுட்டது. அவர் நிறுத்தவில்லை.

"உன்ன வேலைக்கு எடுத்த அன்னிக்கு மேனேஜர் என்ன கூப்பிட்டு, உனக்குத் தெரிஞ்சத எல்லாம் இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துடுன்னாரு. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு? உனக்குச் சம்பளமும் கம்மி. சரி, ஒண்ணு மட்டும் என்கிட்ட இருக்கட்டுமேன்னு நெனச்சேன். டிஸ்ப்ளே நிக்கும், போன் வரும், நான் போய் மாத்துவேன். அவ்வளவுதான் நெனச்சேன். நெருப்பு எரியறப்ப நிக்கும்னு..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத நான் நெனச்சிப் பார்த்திருக்கணும். சுழிக்கு நிக்கும்னு தெரிஞ்சா, எப்ப வேணா நிக்கும்னு தெரியணும்தானே."

"நான்தான் மேனேஜர்கிட்ட சொன்னேன்" என்றேன். "நீங்க என் ஃபைல மாத்துறீங்கன்னு. படிச்சீங்கன்னு தெரிஞ்சும் மாத்துறீங்கன்னு சொன்னேன்."

"தெரியும்."

பிறகு அவர் கேட்டார், "திங்கக்கிழமை என்ன சொல்லப் போற?"

"வரி இல்லாதத சொல்லுவேன். நான் சொன்னது தப்புன்னும் சொல்லுவேன்."

"மத்தது?"

நான் தாள்கள்மேல் இருந்த கல்லை நேராக்கி வைத்தேன். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தேன். பஸ்ஸில் வரும்போது, அவர் அழுதது பாக் சிக்குக்காகவா, திங்கட்கிழமைக்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். அப்படிக் கேட்டுக்கொண்டதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. இருந்தும் கேள்வி போகவில்லை.

திங்கட்கிழமை இரண்டு மேப்களையும் மேனேஜர் மேசையில் விரித்துக் காட்டினேன். அக்காவைப் பற்றி நான் சொன்னது தவறு என்றும், படிக்கப்பட்ட ஃபைலை மாற்றப்பட்டதாகச் சொன்னேன் என்றும் ஒப்புக்கொண்டேன். அவர் நெடுநேரம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு இது முன்பே தெரியுமா?"

"நான் கேட்கவில்லை" என்றேன்.

பொய்தான். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேனா என்பதும் நிச்சயமில்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், தப்பான சிப்பைப் பொருத்தியவள் என்று தனியாக நிற்கப்போவது நான் மட்டுமே. அந்தக் கணக்கும் என் மனசில் ஒரு மூலையில் ஓடியது.

புதன்கிழமை அக்கா திரும்பி வந்தார். பாஸ்வேர்டு வேலை செய்தது. அவர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். யாருடைய லாகினையும் நம்பி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். கம்பைலர் எங்கே, லிங்கர் எங்கே, ஒவ்வொரு லைப்ரரியும் எங்கே என்று முழு வழியையும் புரோகிராமைத் தயாரிக்கும் கட்டளை ஃபைலுக்குள்ளேயே எழுதினோம். அந்த இடத்தில் கிடைக்காவிட்டால் வேறெங்கும் தேடாமல் நின்றுவிட வேண்டும். நான் தயாரித்ததையும் அக்கா தயாரித்ததையும் ஒப்பிட்டோம். முதல் தடவையாக இரண்டும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக வந்தன. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "சென்சார நெல்லுலேருந்து வெளிய எடு" என்றார். எடுத்தேன். சுழி காட்டியது. போர்டு ஓடிக்கொண்டே இருந்தது.

யானுக்கு இரண்டு பேரும் போனோம். பாக் சிக்கின் கையில் கட்டுச் சின்னதாகியிருந்தது. நான் பெட்டியைத் திறந்து சிப்பைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் அக்கா அவரிடம் மலாயில் பேசுவது கேட்டது. இது நிற்கும் என்று எனக்கு முன்பே தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை என்றார். மேனேஜரிடம் நான் மறைத்ததை அவராகவே, சுட்டுக்கொண்டவரிடம் சொல்லிவிட்டார். நான் திரும்பவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே நின்றது.

தெரிந்துமா என்று பாக் சிக் ஒரு தடவை கேட்டார். தெரிந்தும்தான் என்றார் அக்கா. பிறகு, இப்போது போடுவது நிற்காதா என்று கேட்டார். நிற்காது, தொட்டியைக் காலி செய்துகாட்டுகிறோம் என்றார் அக்கா.

"அப்படியென்றால் இரண்டு பேரும் இங்கேயே நில்லுங்கள்" என்றார் பாக் சிக். "நெல் போட்டு, காய்ந்து, கொட்டி முடியும்வரை."

நின்றோம். சாயங்காலம்வரை உமித்தூசியிலும் சூட்டிலும் நின்றோம். பாக் சிக் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நல்ல கையைச் சுவிட்சின் மேலேயே வைத்திருந்தார். தொட்டி காலியானது. எண் சுழிக்கு இறங்கியது. பர்னர் அணைந்தது. அவர் டிஸ்ப்ளேயைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார்.

இரண்டாவது தொட்டி முடிந்தபோது மக்ரிப் தொழுகைக்கு அழைத்துவிட்டார்கள். பாக் சிக் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கை கால் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு அந்த உலர்த்தி நின்றதாகப் போன் வந்ததில்லை. அக்கா இன்னொரு வருடம் எங்களோடு வேலை செய்தார். ஒவ்வொரு சிப்புக்கும் மேப் எடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் போட்டதை அவர் படித்தார், அவர் போட்டதை நான் படித்தேன். ஒன்றாகச் சாப்பிட்டோம். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினோம். இருந்தும் அவர் என் டெர்மினல் பக்கம் வந்து நின்றால் என் முதுகு விறைத்துக்கொள்ளும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு அவர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டார். போகும் அன்று, எனக்குச் சொல்லித் தராத வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்காமல் கை கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன பிறகு வந்த அறுவடைக்கு யானுக்கு நான் தனியாகப் போனேன். பர்னருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருந்தது. சூடு அதிகமானால் தானே பர்னரை அணைக்கும் தெர்மோஸ்டாட். ஆலை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்தியதாகப் பாக் சிக் சொன்னார். அதில் சிப் இல்லை, புரோகிராம் இல்லை. எங்கள் பெட்டியிலிருந்து அதற்கு ஒரு வயர்கூடப் போகவில்லை.